காரும் வம்பும்: சங்கப் பாடல்களில் பருவக் காற்று

1. தோற்றுவாய்

புதுவை நகருக்கு வடக்கே கடலையொட்டிக் கிடக்கும் காலாப்பட்டில் ஆண்டு முழுதும் தங்கிச் சங்கப் பாடல்களைப் பயில்வோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. முல்லைக்குரிய பெரும்பொழுது கார் என்றார் தொல்காப்பியர். அக் கார்ப்பருவத்திற்கு ஆவணி, புரட்டாசி எனத் திங்கள் வகுத்தனர் உரையாசிரியர். இக்கடற்கரையிலோ மழை மிகுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆகும். புதுவைப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1300 மி.மீ. அதனுள் ஐந்தில் மூன்று பங்கிற்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் முடியவுள்ள மூன்று திங்களில் பெய்வது. உரை கூறும் கார் வந்து போன பின்னரே இங்கு ஏரிகள் நிறைகின்றன.

நூலுக்கும் நிலத்துக்கும் இடையே தோன்றும் இம் மாறுபாட்டிற்கு மூவகை விடை கூறலாம். பண்டு மழைப்பருவமே வேறாக இருந்தது என்பது ஒன்று. பருவப் பாகுபாடு வடவர் மரபைத் தழுவி வந்தது. தமிழ்நிலத்து வானிலையோடு அதற்குத் தொடர்பில்லை என்பது மற்றொன்று. நூலும் நிலமும் முரணவில்லை. கார் என்ற சொல்லுக்குப் பெருமழைக்காலம் என நாம் பொருள்கொண்டதே பிழை என்பது மூன்றாவது. இம் மூன்றாவதே பொருந்தும் என்பது நம் கருத்து. அதனை நிறுவுவதும், நிறுவியபின் சில முல்லைப் பாடல்களின் பொருள் எவ்வாறு ஆழம் பெறுகிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் புலவர்க்கு இயற்கை மாந்தர் உணர்ச்சிக்குப் பின்னணியாக நின்ற திறத்தை மு. வரதராசனாரும் தனிநாயகம் அடிகளும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவர்கள் இட்ட வழியிலேயே நாமும் செல்கின்றோம். ஆயினும் அப் பின்னணி எவ்வாறு இயங்குகிறது என்பதனையும் அறிந்தாலன்றிப் பாடலின் உயிர்நிலை சிலவிடங்களில் புலப்படாது என்பதைச் சேர்த்துக் கூற விரும்புகின்றோம்.

2. மலையும் கடலும்

காற்றின் இயல்பைச் சுருங்க நோக்குவோம். வேனிலில் ஆசிய நிலப்பரப்புக் காய்ந்து, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. இந்துமாக்கடலின் தென்பகுதியிலிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்தபின் புவிச்சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்று ஆகிறது. சூன் தொடக்கத்தில் அது கேரளக் கரையை எய்துகிறது. அங்கே மேற்கு மலைத்தொடர் குறுக்கிட்டு நிற்கிறது. ஆனைமுடி 2695 மீட்டரும் தொட்டபெட்டா 2637 மீட்டரும் உயர்ந்தவை. மலையில் ஏறும் காற்றுக் குளிர்ந்து தன் நீரைச் சொரிகிறது. மலை கடந்து இறங்குங்கால் ஈரம் இழந்து வெம்மை ஏறுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி இவ்வாறு மழைமறைவு நிலமாக அமைந்தது. பாலக்காட்டுக் கணவாய் போன்ற இடைவெளிகளில் மட்டும் அக்காற்றுத் தன் தண்மை முற்றும் இழவாமல் உள்ளே நுழைகிறது.

சோழமண்டலக் கரைக்கு அக்காற்று வறண்ட மேல்காற்றாகவே வந்து சேர்கிறது. நண்பகலுக்குமேல் நிலம் காய்ந்த நிலையில், கடலிலிருந்து ஈரம் மிக்க காற்றுக் கிழக்கே எழுந்து அதனை எதிர்க்கிறது. மேல்காற்று வலுத்த நாளில் கடற்காற்றுக் காலந்தாழ்த்து வரும். அன்று வெப்பம் பொறுத்தற்கரியது. இரு காற்றும் எதிர்ப்படும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகிறது. இங்ஙனம் உள்நாட்டில் பிற்பகலில் திரளும் இடிமுகில்கள், உயரத்தில் வீசும் மேல்காற்றால் உந்தப்பட்டு, மாலையிலோ முன்னிரவிலோ கரையை எட்டுகின்றன. இம்மழை ஓரூரை நனைத்து அடுத்த ஊரைக் கைவிடும்; ஒருநாள் கொட்டிப் பத்துநாள் மறையும். ஆயினும் இது புறக்கணிக்கத்தக்க அளவினது அன்று. சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள காலத்தில் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது.

அக்டோபரில் எல்லாம் தலைகீழாக மாறுகிறது. ஞாயிறு தெற்கே சாய, ஆசிய நிலம் குளிர்ந்து அழுத்தம் மிகுகிறது. வடகிழக்கிலிருந்து புறப்படும் காற்று வங்கக்கடலைக் கடந்து, நீர் பருகி, இக்கரையில் மோதுகிறது. கடல்நீரும் உடன் திரும்புகிறது. பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடிய கரையோர நீரோட்டம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடுகிறது. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கடலிற் சேர்த்த நன்னீரின் ஒரு பகுதியை அவ்வோட்டம் சுமந்து வருகிறது. உவர்நீர்மேல் படர்ந்த அந்த இலேசான நீரடுக்கு, கீழுள்ள குளிர்நீரோடு எளிதிற் கலப்பதில்லை. ஆதலின் கடலின் மேற்பரப்பு நெடுநாள் வெம்மை குன்றாது நிற்கிறது. அவ் வெம்மையே புயலுக்கு உணவு.

மழையின் இந்தக் கால அமைப்பு இந்நிலத்தின் மரத்திலும் எழுதப்பட்டுள்ளது. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தென்னிந்தியத் தாவரநிலைப் படங்களை வரைந்து, மழை பெய்யும் திங்களுக்கும் காட்டின் வகைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தனர். காலாப்பட்டுக்கு வடக்கே புத்துப்பட்டில் கோயிற்காடாக எஞ்சி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு, நீண்ட வேனிலையும் குறுகிய குளிர்கால மழையையும் தாங்கப் பழகிய காடாகும். மழை எத்துணைப் பெய்தது என்பதோடு எப்போது பெய்தது என்பதும் நிலத்தின் தோற்றத்தை வகுக்கும் என்பதற்கு அக்காடே சான்று.

3. காற்றின் பெயர்கள்

நிகண்டுகள் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என நான்கு திசைக்கு நான்கு பெயர் வகுத்தன. உரைகளும் அகராதிகளும் இதனையே வழிமொழிந்தன. இப் பாகுபாடு பிழையன்று, ஆயின் குறைவுடையது. இவை வெறுந் திசைப்பெயர்களாயின், கொண்டல் என்னுஞ் சொல் முகிலையும் குறிப்பானேன்? கோடை என்னுஞ் சொல் வெயிற்காலத்தையும் குறிப்பானேன்? திசை, பருவம், அப்பருவத்தில் வானம் கொள்ளும் நிலை ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் செறிந்துள்ளன என்பதே உண்மை. மேலே கூறிய காற்றியல்பு இதனைத் தெளிவாக்கும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று எழும் நாளே முகில் திரளும் நாள். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் காலமே வெயிற்காலம்.

இக்குறைவு பாடலைப் பயிலுமிடத்துப் பிழையாக முடிதலும் உண்டு. கோடை என்றதும் வெங்காற்று என உரை எழுதிவிடுகின்றோம். அகநானூற்று 82ஆம் பாடலை நோக்குக. வண்டு துளைத்த மூங்கிலின் வழியே கோடை புகுந்து குழலிசை எழுப்புவதாகக் கபிலர் பாடுகின்றார், அருவி முழவாகிறது, காற்றும் அழகிய காற்று எனச் சிறப்பிக்கப்படுகிறது. இது குறிஞ்சிப் பாட்டு. மலைமேல் வீசும் கோடை ஈரமும் தண்மையும் உடையது. அதே கோடை மலையிறங்கிப் பாலைநிலத்தை அடைந்தால் மரத்தை வாட்டும். காற்று ஒன்றே, மலைக்கு எப்புறம் நின்று அதனை எதிர்கொள்கிறோம் என்பதே அதன் பொருளை மாற்றுகிறது. கபிலர் சொல்லைத் தவறாக ஆளவில்லை; நம் அகராதியே சமவெளியில் நின்று எழுதப்பட்டது.

4. திங்கட் கணக்கு

தொல்காப்பியர் பருவப்பெயரை மட்டும் கூறினார், திங்கட்பெயர் கூறிற்றிலர். ஆவணி முதலாகத் திங்களை அடைவுபடுத்தியது உரையாசிரியர் செயல். நச்சினார்க்கினியர் ஆண்டுத் தொடக்கத்தையே சிங்க ஓரையில் வைத்துக் காரை முதற்பருவமாக்குகின்றார். இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. தமிழ்த் திங்கள் ஞாயிறு விண்மீன் ஓரைகளிற் புகுதலைக் கொண்டு கணக்கிடப்படுவது. பருவமோ ஞாயிற்றின் வடசெலவு தென்செலவைப் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒருநாள் விலகிச் செல்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இளம்பூரணர் காலத்து ஆவணி, பருவத்தை நோக்க, இன்றைய ஆவணிக்கு ஏறக்குறைய இரு வாரம் முற்பட்டது. அதாவது இன்று ஆகஸ்டு இடையில் பிறக்கும் ஆவணி, அன்று ஆகஸ்டுத் தொடக்கத்து வெயிலிலேயே பிறந்தது.

இக்கணக்கால் விளைவது யாது? உரையாசிரியர் கூறிய கார், வடகிழக்குப் பருவமழையினின்றும் பின்னும் விலகி, உள்நாட்டு மாலை இடிமழைக் காலத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகை எனப்பட்ட கூதிரே வடகிழக்கு மழைக்காலம். எனவே பண்டு மழைப்பருவமே வேறாக இருந்தது என்று இவ்வொரு மாறுபாட்டைக் கொண்டு துணிதற்கு இடமில்லை. தமிழர்க்கு மழைப்பருவம் ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டுக்கும் இருவேறு பெயர் இருந்தன. கடற்கரையில் நிற்போர் இரண்டாவதனையே மழைக்காலம் எனக் காண்கின்றோம். ஆநிரை மேய்த்த முல்லைநிலத்தார் முதலாவதனை எதிர்நோக்கினர்; அவர்தம் புல்வெளி தழைப்பது அம்மழையால்.

முல்லைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்ததும் இதனோடு இயைகிறது. 103 அடியான் இயன்ற முல்லைப்பாட்டில் நப்பூதனார், கடல்நீர் பருகிய முகில் மலைமேல் எழுந்து பெருமழை பொழிந்தது மாலைப்போதில் எனத் தொடங்குகின்றார். பிற்பகலில் திரண்டு மாலையில் இடித்துப் பெய்வதே கார்மழையின் இயல்பு என்பதை அறிந்தோர்க்கு இத்தொடக்கம் அலங்காரம் அன்று, கண்டது கூறல்.

5. வாடை

வாடையை வறண்ட பனிக்காற்று என்று மட்டும் கொள்வார் உளர். தமிழகத்துக் கூதிரில் வாடை மழையோடு வரும் காற்றாகும். 188 அடியுடைய நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது இதுவே. புதுமழை பொழிந்து நிலம் நீரால் நிறைகிறது; மேய்ப்பர் நிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டுகின்றனர்; குளிரால் நடுங்குகின்றனர். பாசறையில் நள்ளிரவில் அரசன் தூறலைப் பொருட்படுத்தாது புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். அவ்விடத்து விளக்குச் சுடர்கள் வாடை வீசுந்தோறும் தெற்கு நோக்கிச் சாய்ந்து எரிகின்றன. எவ்வளவு சிறிய குறிப்பு! ஆயினும் காற்றின் திசையைக் கூற இதனினும் செம்மையான கருவி வேண்டா. அரண்மனையில் தலைவிக்கு நெடிதாகவும், பாசறையில் தலைவனுக்கு நல்லதாகவும் நிற்கும் ஒரே வாடையை அந்தச் சுடரின் சாய்வு இணைக்கின்றது.

இப்பருவத்தின் வன்மையை இக்கரையின் வரலாறு அறியும். பாய்மரக் கப்பல் காலத்தில் புதுவைக்கும் சென்னைக்கும் காப்புடைய துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஆதலின் அக்டோபரில் காற்றுத் திரும்புமுன் கரையை விட்டு நீங்குதல் மாலுமிகளின் வழக்கம். 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றிய லாபூர்தொனேயின் கப்பற்படை நீங்குதற்குக் காலம் தாழ்த்துப் புயலில் சிதைந்தது. 1761 சனவரி முதல் நாள் புதுவையை முற்றியிருந்த ஆங்கிலக் கப்பல்களுக்கும் அதே நிலை நேர்ந்தது. நம் காலத்தில், 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயல் காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்து மரங்களையும் பெருமளவில் வீழ்த்தியது. 2024 நவம்பர் 30இல் புதுவைக்கருகே கரையேறிய பெஞ்சல் புயல் நெடுநேரம் நகராது நின்றமையின், ஒருநாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தானே வந்தது மார்கழியின் இடைநாளில். உரைப்படி அது முன்பனி. பருவ எல்லை என்பது வேலியன்று என்பதற்கு இது ஒன்றே சாலும்.

6. வம்பமாரி

இனி நம் ஆராய்ச்சியின் நடுப்பொருளுக்கு வருவோம். கார் தொடங்குமுன் மீள்வேன் என்று கூறிப் பிரிந்த தலைவன் வாரானாக, மழையும் பூவும் கண்டு தலைவி வருந்துவது முல்லையின் பெருவழக்கு. குறுந்தொகை 66இல் தோழி, கொன்றை மரங்கள் அறிவிலாதன; அவர் குறித்த பருவம் வருமுன்னரே வம்பமாரியைக் கார் என மயங்கிப் பூத்துவிட்டன என்கின்றாள். 382ஆம் பாடலிலும் இது வம்புமழை. உண்மையில் கார் ஆயின் காதலர் வாராதிருப்பரோ என்னும் கருத்து அமைந்துள்ளது. 21ஆம் பாடலில் தலைவி, காடே இது கார் என்று கூறினும் யான் தெளியேன். அவர் பொய் கூறார் என்கின்றாள்.

இவற்றிற்கு நாம் மரபாகக் கூறும் விளக்கம் யாது? வந்தது காரே, தோழி தலைவியை ஆற்றுவித்தற்பொருட்டுப் பருவம் அன்று எனப் படைத்து மொழிந்தாள் என்பதாம். அஃதாவது எல்லார்க்கும் வெளிப்படையான ஓர் உண்மையை அன்பினால் மறைத்தாள் என்று கொள்கின்றோம். இவ்விளக்கம் பாடலை ஒரு மென்மையான பொய்யாகச் சுருக்கிவிடுகிறது என்பது நம் தடை.

மழைமறைவு நிலத்தின் இயல்பை நினைவிற்கொண்டு மீண்டும் நோக்குக. கேரளக் கரையில் பருவமழை சூன் முதல்நாளை ஒட்டிப் பெரும்பாலும் ஒரு படையெடுப்பைப் போல வந்திறங்குகிறது. வந்ததா இல்லையா என்ற ஐயத்திற்கு அங்கு இடம் குறைவு. காளிதாசரின் மேகதூதத்தில் ஆடாட மாதத்து முதல்நாளிலேயே முகில் தோன்றிவிடுகிறது. அதன் வழியும் வகுத்துரைக்கப்படுகிறது. தமிழ் முல்லைநிலத்திலோ இடிமழை வைகாசியிலும் பெய்யும், ஆனியிலும் பெய்யும், பின் மறைந்துபோகும். எந்த மழை பருவத்தின் தொடக்கம், எது தனித்து வந்துபோவது என்பதனை அடுத்து வரும் நாட்களே கூறவல்லன. வம்பு என்ற சொல்லே இந்நிலைமைக்கென அமைந்தது. இல்லாத ஒன்றிற்குத் தமிழர் பெயரிட்டிலர். கொன்றையும் நம்பத்தக்க சான்றன்று. இன்றும் அது சித்திரை, வைகாசியிலேயே பூத்துக் குலுங்கக் காண்கின்றோம்.

எனவே தோழியின் கூற்று வெளிப்படைப் பொய் அன்று. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்நிலத்தில் அந்த நாளில் எவராலும் துணிந்துரைக்க இயலாது. தலைவி அதனை நம்புதற்கு இடமுண்டு, நம்பாமைக்கும் இடமுண்டு. பாடலின் துயரம் இவ்விடைவெளியிற்றான் நிற்கிறது. வானம் தெளிவாகச் சொல்லியிருந்தால் அவள் அழுதுவிடலாம்; அல்லது அமைதியுறலாம். வானமே ஐயுறும்போது அவளால் இரண்டும் இயலவில்லை. 21ஆம் பாடலின் தலைவி காட்டையும் கணவனையும் இரு சான்றாக நிறுத்தி, காட்டை மறுத்துக் கணவனைத் தெளிகின்றாள். பருவம் ஐயத்திற்கு உரியதாக இருந்தாலன்றி அவள் தெளிவு அறியாமையாக முடியும். ஐயத்திற்கு உரியதாக இருத்தலால் அது கற்பின் துணிபாக உயர்கிறது. முல்லைக்கு இருத்தல் உரிப்பொருள் என்று இலக்கணம் கூறும்போது, வெறுமனே காத்திருத்தலை அன்று, இத்தகைய ஐயத்தின் நடுவே உறுதிகுன்றாது இருத்தலையே அது கருதியது எனலாம்.

சேரநாட்டுப் புலவரும் முல்லை பாடினரே எனின், உண்மை. அவர் பாடியது ஏற்கனவே அமைந்த பொதுமரபில் நின்று. மேலும் மலைக்குக் கிழக்கேயுள்ள கொங்குநிலமும் சேரரோடு தொடர்புடையதே. எல்லா முல்லைப் பாட்டிற்கும் இவ்விளக்கம் ஒருங்கே பொருந்தும் என்று நாம் கூறவில்லை. பருவமயக்கம் பேசும் பாடல்களுக்குப் பொருந்தும் என்பதே நம் துணிபு.

7. எல்லையும் முடிபும்

இத்தகைய ஆராய்ச்சிக்கு ஓர் எல்லையும் வேண்டும். நெடுநல்வாடையின் தொடக்கத்தில் முகில் வலமாக எழுந்து வளைவதாக வருகிறது. இதனைக் கண்டு, சுழற்காற்றின் இயல்பைப் புலவர் அன்றே அறிந்தார் என்று பெருமை பேசத் தோன்றும். அது பொருந்தாது. நம் கடலிற் சுழலும் புயற்காற்று இடமாகவே சுழலும்; வலமாக அன்று. மேலும் வலமாக எழுதல் என்னும் தொடர் கார்மழை கூறும் முல்லைப்பாட்டின் தொடக்கத்திலும் காணப்படுகிறது. இரு வேறு பருவத்திற்கும் ஒன்றே வருதலின் அது மங்கல மரபு என்க. சுடர் தெற்கே சாய்ந்தது என்பது கண்டு எழுதியது; முகில் வலமாக எழுந்தது என்பது வழிவழி வந்தது. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளன் கடன். அறிவியலைப் பாட்டினுள் தேடிப் புகழ்தல் எளிது. பாட்டைப் புரிந்துகொள்ள அறிவியலைத் துணைக்கொள்ளுதல் அரிது. நாம் வேண்டுவது பின்னதே.

தொகுத்துக் கூறின்: கார் என்பது மழைமறைவு நிலத்தின் மாலை இடிமழைக் காலம், கூதிர் என்பது வடகிழக்குக் காற்றுக் கொணரும் பெருமழைக் காலம். கொண்டல் முதலிய நான்கும் திசையொடு பருவத்தையும் நிலத்தையும் உடன் உணர்த்தும் சொற்கள். வம்பமாரி என்பது தோழி படைத்த சொல்லன்று. நிலம் தந்த சொல். இவ்வுண்மைகள் நிகண்டில் ஒருவரியாகச் சுருங்கிக் கிடப்பன. ஆவணியில் ஒரு மாலை மேற்கே இடி கேட்டு, மழை வருமா வாராதா என்று அறியாது காலாப்பட்டில் நிற்பவர்க்கு அவை விரிந்து பொருள்தரும். குறுந்தொகைத் தலைவி நின்றதும் அவ்வாறே.